எந்த சென்சார், எந்த இடத்தில்? ஒரு மாந்தோப்பை வைத்து முழுமையான வழிகாட்டி

காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு மாந்தோப்பு. உரிமையாளர் எட்டு கேமரா வைத்திருந்தார், எட்டும் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தன. அப்படியும் ஒரே ராத்திரியில் போர் மோட்டார் கேபிளை நாற்பது மீட்டர் அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டார். இருவரும் உட்கார்ந்து பதிவை ஓட்டிப் பார்த்தோம். ஏழு கேமராவில் வெறும் மாவிலை. எட்டாவதில் ஒரு துண்டு கட்டிய தலை, அதுவும் மேலிருந்து. மூக்கு கூடத் தெரியவில்லை.

கேமரா மாட்டியது ஜனவரியில், பூ வைக்கிற சமயம். அப்போது கிளை எல்லாம் நிமிர்ந்து நிற்கும், கம்பத்திலிருந்து பார்த்தால் தோப்பே கையில் இருக்கிற மாதிரி தெரியும். மே மாதம் பெங்களூரா ரக மாங்காய் முற்றிக் கனம் ஏறினால் அதே கிளை இரண்டு அடி தாழ்ந்து கேமராவுக்கு முன்னால் திரை போட்டுவிடும். மாட்டியவர் கெட்டிக்காரர்தான், மாமரத்தைத்தான் அவருக்குத் தெரியாது.

கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டத்திலும் இந்த வேலையைச் செய்து வருகிறேன். "எத்தனை கேமரா வேணும்?" என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். அது கடைசியில் வர வேண்டிய கேள்வி. இன்னொன்று வைத்தால் இதுவரை தெரியாத எது புதிதாகத் தெரியும் என்பதுதான் நான் கேட்பது. கீழே வருகிற படிகள் எல்லாம் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் போகும். உதாரணத்துக்கு ரோட்டோரம் 100 மீட்டரும் உள்ளே 200 மீட்டரும் நீளமுள்ள, சுமார் ஐந்து ஏக்கர் தோப்பை எடுத்துக்கொள்கிறேன். பத்து மீட்டருக்கு ஒரு மரம் என்றால் 200 மரம். வீடு, மாட்டுக் கொட்டகை, பழம் குமிக்கிற கொட்டகை, மோட்டார் ரூம், ஒரு கேட், கிழக்கே ஓடை. கடைக்கும் குடோனுக்கும் இதே கணக்கு பொருந்தும்.

முதல் படி: ஒவ்வொரு இடத்துக்கும் என்ன தெரிய வேண்டும்?

ஒரு நோட்டில் இடங்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கில் ஒன்றைப் போடுங்கள். ஏதோ நடமாட்டம் இருக்கிறது என்று தெரிந்தால் போதுமா? அவர் என்ன செய்கிறார் என்று தெரிய வேண்டுமா? வந்தது நம் தெரிந்த ஆள்தானா என்று சொல்ல முடிய வேண்டுமா? முன்பின் பார்க்காத ஆளை போலீஸில் காட்டும் அளவுக்கு முகம் வேண்டுமா?

இந்த நான்குக்கும் அளவு உண்டு. 2014-ல் வந்த ஐஇசி 62676-4 என்ற சர்வதேசத் தர ஆவணத்தில், ஆள் நிற்கிற இடத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு எத்தனை பிக்சல் விழ வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். நடமாட்டம் தெரிய 25, என்ன செய்கிறார் என்று கவனிக்க சுமார் 62, தெரிந்தவரை அறிய 125, தெரியாதவரை அடையாளம் காட்ட 250. பின்வேலிக்கு 25 போதும், கேட்டுக்கு 250 வேண்டும். இதைப் பிரிக்காமல் எல்லா இடத்துக்கும் ஒரே கேமராவை வாங்குவதால்தான் பணம் போய் படமும் வராமல் போகிறது.

இரண்டாம் படி: நடந்து பார்த்து வரைபடம் போடுங்கள்

காலையில் ஒருமுறை, ராத்திரி ஒருமுறை. திருடன் வருகிற வழி காவல்காரருக்கும் பால் கறக்க வருகிற அம்மாவுக்கும் தெரிந்திருக்கும். கேட்டால் சொல்வார்கள். வேலியில் கம்பி தளர்ந்த இடம், ஓடையில் தண்ணீர் வற்றும் மாதம், டார்ச் அடித்தால் வெளிச்சம் எதில் மோதி நிற்கிறது, எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். நான் மூன்று மீட்டர் மூங்கில் கழி ஒன்றின் நுனியில் செல்போனைக் கட்டி, கேமரா வரப்போகிற உயரத்திலிருந்தே படம் எடுப்பேன். தரையில் நின்று பார்ப்பதும் அதுவும் ஒன்றல்ல.

மரங்களுக்கு நடுவே குறுக்காகப் பார்க்கும் கேமரா பத்து மீட்டருக்கு அப்பால் குருடு. இரண்டு வரிசைக்கு நடுவில் உள்ள சாலின் நேர்கோட்டில் வைத்தால் அதே கேமரா தோப்பின் மறுகோடி வரை பார்க்கும். தோப்பில் கம்பம் நடுவதென்றால் சாலின் தலைப்பில்தான்.

மூன்றாம் படி: சென்சாரைத் தேர்ந்தெடுப்பது

கேமரா என்பது பல சென்சார்களில் ஒன்று, அவ்வளவுதான். நடந்த பிறகு பார்க்க அது உதவும். நடக்கும்போதே எழுப்ப வேறு ஒன்று வேண்டும்.

விலை குறைந்தது, ஏமாற்றாதது, காந்த ஸ்விட்ச். கதவில் ஒரு காந்தம், நிலையில் ஒரு ஸ்விட்ச். கதவு திறந்தால் சுற்று மாறும். மோட்டார் ரூம், ஸ்டார்ட்டர் பெட்டி, குடோன் கதவு எல்லாவற்றுக்கும் முதலில் இதை வையுங்கள். அடையாளம் தெரியாது, ஆனால் பல்லி ஓடினால் அலறாது.

கேபிள் திருட்டுக்கு இன்னொரு வேலை இருக்கிறது, அதிகம் பேர் செய்வதில்லை. மோட்டார் கேபிள் போகிற வழியிலேயே, தனிக் குழாயில், மெல்லிய இரண்டு கோர் ஒயர் ஓட்டிக் கடைசி முனையில் ஒரு ரெசிஸ்டர் போட்டுவிடுங்கள். இரண்டு குழாயையும் சேர்த்துக் கட்டுங்கள். அலாரம் பேனல் அந்த மின்தடையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒயரை வெட்டினால் சுற்று திறக்கும், முறுக்கிப் போட்டால் ஷார்ட் ஆகும், இரண்டிலும் சைரன். மூன்று பேஸ் கேபிள் போகும் குழாய்க்குள்ளேயே இதைத் திணிக்காதீர்கள். இன்சுலேஷன் போனால் பேனலோடு ஆளுக்கும் ஆபத்து.

அடுத்தது பிஐஆர். உடல் வெப்பத்திலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரைப் பார்க்கிற சென்சார். முன்னால் உள்ள வரிவரியான பிளாஸ்டிக் லென்ஸ் பார்வையைப் பல விரல்களாகப் பிரிக்கிறது. ஒரு விரலிலிருந்து அடுத்த விரலுக்கு வெப்பம் நகர்ந்தால்தான் அதற்கு உறைக்கும். ஆகவே, ஆள் குறுக்கே கடக்கிற மாதிரி வையுங்கள். நேராக அதை நோக்கி நடந்து வருபவரை அது தாமதமாகத்தான் கண்டுபிடிக்கும். சாதாரண மாடல்கள் 2.1 முதல் 2.4 மீட்டர் உயரத்தில், சுமார் 12 மீட்டர் தூரத்துக்கு வேலை செய்யும். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் வைத்தால் வெளியே நடப்பது தெரியாது, அந்த அலைநீளத்தைக் கண்ணாடி விடாது.

நம் ஊர் வெயிலில் பிஐஆருக்கு ஒரு கஷ்டம் உண்டு. ஏப்ரல், மே மாதத்தில் மதியச் சுவரும் தரையும் மனிதத் தோலின் சூட்டை நெருங்கிவிடும். ஆளுக்கும் பின்னணிக்கும் வித்தியாசம் இல்லாவிட்டால் சென்சாருக்கு ஒன்றும் தெரியாது. ராத்திரியில் சரியாகிவிடும். பகலிலும் காவல் வேண்டிய இடத்துக்கு பிஐஆரோடு, ரேடியோ அலை அனுப்பி அசைவைக் கண்டுபிடிக்கும் மைக்ரோவேவும் சேர்ந்த இரட்டை வகையை வாங்குங்கள். தகரக் கொட்டகையை நோக்கி எந்த பிஐஆரையும் திருப்பாதீர்கள். காற்று அடிக்கிற நாளில் சூடான தகரத்துக்கு முன்னால் கிளை ஆடினாலே மணி அடிக்கும்.

நீண்ட வேலிக்குப் பீம் சென்சார். ஒரு முனையில் கதிர் அனுப்புவது, மறுமுனையில் வாங்குவது, நடுவில் யாராவது கடந்தால் தகவல். ஒற்றைக் கதிர் வாங்காதீர்கள், மயில் பறந்தாலும் அடிக்கும். இரண்டு அல்லது நான்கு கதிரும் ஒன்றாக மறைந்தால் மட்டும் அடிப்பதை வாங்குங்கள். தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் மார்கழிப் பனிமூட்டம் கெட்டியாக இறங்கும், அங்கே பெட்டியில் எழுதிய தூரத்தில் பாதிக்கு மேல் நம்பாதீர்கள்.

அதிர்வு சென்சாரை வேலிக்கம்பியில் கட்டச் சொல்வார்கள். ஆடு இல்லாத ஊரில் கட்டுங்கள்.

நான்காம் படி: லென்ஸ் கணக்கு

இதை ஒரு தரம் புரிந்துகொண்டால் கடைக்காரர் சொல்கிற மெகாபிக்சலில் மயங்க மாட்டீர்கள். கேமராவுக்குள் படத்தைப் பிடிக்கிற சில்லுக்கும் சென்சார் என்றுதான் பெயர். மூன்றில் ஒரு இஞ்ச் சென்சார் உள்ள கேமராவில், அந்தச் சென்சாரின் அகலம் 4.8 மி.மீ. தூரத்தை 4.8-ஆல் பெருக்கி லென்ஸ் அளவால் வகுத்தால், அந்தத் தூரத்தில் படத்தில் விழும் அகலம் கிடைக்கும். 4 மி.மீ. லென்ஸ், 10 மீட்டர் தூரம் என்றால் 12 மீட்டர் அகலம். இரண்டு மெகாபிக்சல் கேமராவில் குறுக்கே 1920 பிக்சல் இருக்கிறது. 1920-ஐ 12-ஆல் வகுத்தால் மீட்டருக்கு 160. தெரிந்த ஆளை அறியலாம், தெரியாதவன் முகத்துக்குப் போதாது.

இப்படியே போட்டால், முகம் அடையாளம் தெரிகிற 250-க்கான தூரம் 2.8 மி.மீ. லென்ஸில் 4.5 மீட்டர், 4 மி.மீ. லென்ஸில் 6.4 மீட்டர், 6 மி.மீ. லென்ஸில் 9.6 மீட்டர், 12 மி.மீ. லென்ஸில் 19.2 மீட்டர். நான்கு மெகாபிக்சலுக்கு மாறினால் குறுக்கே 2560 பிக்சல். அப்போதும் 4 மி.மீ. லென்ஸில் 6.4 என்பது 8.5 ஆகும், அவ்வளவுதான். இரண்டு மெகாபிக்சலிலேயே லென்ஸை 6 மி.மீ. ஆக்கினால் அதைவிட ஒரு மீட்டர் அதிகம். அகலம் குறையும், உண்மைதான். கேட்டுக்கு அகலம் எதற்கு?

சென்சார் அளவு மாடலுக்கு மாடல் மாறும். உங்கள் பெட்டியில் உள்ள அளவைப் போட்டுக் கணக்குப் பாருங்கள். ராத்திரிக்கு இதில் கால் பங்கைக் கழித்துக்கொள்வது என் வழக்கம்.

ஐந்தாம் படி: இடத்துக்கு மதிப்பெண் போடுவது

எனக்குப் பிடித்த வேலை இதுதான். காக்க வேண்டிய இடங்களுக்கு எவ்வளவு முக்கியமோ அவ்வளவு மதிப்பெண் போடுங்கள். நம் தோப்பில் கேட் 5, மோட்டார் ரூம் 5, வீட்டு வாசல் 4, பழக் கொட்டகை 4, ஓடைப்பக்க வேலி 3, பின்வேலி 2, மாட்டுக் கொட்டகை 2. மொத்தம் 25.

பிறகு கேமரா வைக்க முடிகிற இடங்களையும், ஒவ்வொன்றிலிருந்தும் எது எது தேவையான அளவுக்குத் தெரிகிறது என்பதையும் எழுதுங்கள். மூங்கில் கழிப் படம் இங்கேதான் கைகொடுக்கும்.

வீட்டு மாடி மூலை: வாசல், பழக் கொட்டகை, மாட்டுக் கொட்டகை. மதிப்பெண் 10.
புளியமரத்துக் கம்பம்: பழக் கொட்டகை, மோட்டார் ரூம். 9.
கேட்டுக்கு எதிரே உள்ளே நிற்கும் கம்பம்: கேட், வாசல். 9.
மோட்டார் ரூம் சுவர்: மோட்டார் ரூம், ஓடைப்பக்கம். 8.
கேட் தூண்: கேட் மட்டும். 5.
பின்மூலைக் கம்பம்: பின்வேலி, ஓடைப்பக்கம். 5.

சும்மா பார்த்தால் முதல் மூன்றைத்தான் வாங்கத் தோன்றும். மதிப்பெண் அதிகம் அவற்றுக்குத்தானே. அப்படி வாங்கினால் ஓடைப்பக்கமும் பின்வேலியும் மாட்டாது, பழக் கொட்டகைக்கும் வாசலுக்கும் இரண்டிரண்டு கண் இருக்கும். மொத்தம் 20.

வேறு மாதிரி செய்யுங்கள். முதலில் மாடி மூலையை எடுத்துக்கொள்ளுங்கள், 10. இப்போது மாடியிலிருந்து தெரிந்துவிட்ட மூன்றையும் அடித்துவிட்டு மற்ற இடங்களுக்குத் திரும்ப மதிப்பெண் போடுங்கள். பழக் கொட்டகை ஏற்கெனவே தெரிவதால் புளியமரம் 9-லிருந்து 5-க்கு விழுகிறது. எதிர்க் கம்பமும் 5. மோட்டார் ரூம் சுவர் மட்டும் 8-லேயே நிற்கிறது. அதை எடுங்கள், மொத்தம் 18. திரும்ப அடியுங்கள். பாக்கி கேட் 5, பின்வேலி 2. கேட் தூணோ எதிர்க் கம்பமோ, எதை எடுத்தாலும் 23. அதே மூன்று கேமரா, மூன்று மதிப்பெண் அதிகம்.

ஆரம்பத்தில் இரண்டாம் இடத்தில் இருந்த புளியமரம் கடைசி வரை தேறவே இல்லை, பாருங்கள். தனியாகப் பார்த்தால் நல்ல இடம். மற்றதோடு சேர்த்துப் பார்த்தால் அதன் வேலையைப் பாதி வேறு ஒருவர் செய்கிறார்.

இது நான் கண்டுபிடித்ததில்லை. இந்தப் பேராசை முறையைப் பற்றி 1978-ல் நெம்ஹாசர், உல்சி, ஃபிஷர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் நிரூபித்தது: ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக அதிகம் தருவதையே எடுத்துக்கொண்டு போனால், அத்தனை கருவியை வைத்து அடையக்கூடிய ஆகச்சிறந்த காவலில் குறைந்தது 63 சதவீதமாவது கிடைக்கும். பெரும்பாலும் அதைவிட நிறையவே கிடைக்கும்.

சமமாக வந்தால் என்ன செய்வது? வண்டி நம்பர் வேண்டுமென்றால் கேட் தூண். வாசலுக்கு இரண்டாவது கண் வேண்டுமென்றால் எதிர்க் கம்பம். நான் எதிர்க் கம்பத்தைத்தான் எடுப்பேன். கேட் தூணில் இருப்பதை முதலில் உடைப்பார்கள், அதைப் பார்க்க இன்னொன்று இருக்காது. மிச்சமுள்ள பின்வேலியின் 2 மதிப்பெண்ணுக்காகக் கம்பம் நட்டு, நூற்றுக்கணக்கான மீட்டர் ஒயர் இழுக்க வேண்டாம். ஒரு ஜோடி பீம் போதும்.

குடோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறுக்குவழி. ஒரு கூடம் முழுவதையும் பார்க்க எத்தனை காவலர் வேண்டும் என்று விக்டர் கிளீ என்ற கணித அறிஞர் 1973-ல் கேட்ட கேள்விக்கு, 1975-ல் குவாட்டால் என்ற இன்னொரு கணித அறிஞர் தந்த விடை இது: மூலைகளின் எண்ணிக்கையை மூன்றால் வகுத்து, மீதியை விட்டுவிட்டால் வருகிற எண்ணிக்கைக் காவலர் எந்தக் கூடத்துக்கும் போதும். ஆறு மூலை உள்ள கூடத்துக்கு இரண்டு போதும், சில சமயம் ஒன்றே போதும். ஆனால் அந்தக் கணக்கில் வரும் காவலர் சுற்றிலும் எவ்வளவு தூரமும் பார்ப்பார், நடுவில் மாங்கூழ் டின் அடுக்கு இருக்காது. நிஜத்தில் அந்த எண்ணை ஆரம்பமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: உயரம், வெயில், இலை

முகம் வேண்டிய கேமரா 2.5 முதல் 3 மீட்டர் உயரத்தில். 3 மீட்டரில் வைத்து ஆறு மீட்டர் தள்ளி நிற்பவரைப் பார்த்தால் சுமார் 13 டிகிரி சாய்வு. அதையே 5 மீட்டரில் வைத்தால் 30 டிகிரி ஆகி, காவேரிப்பட்டணத்துக் கதைதான், தலைத்துண்டு மட்டும் தெரியும். உடைப்பார்களே என்று உயரத்தில் ஏற்றுவதைவிட, ஒன்றை இன்னொன்று பார்க்கிற மாதிரி இரண்டு வைப்பது மேல்.

கிழக்கு மேற்கு பார்த்து வைத்தால் காலையிலோ மாலையிலோ படம் வெளுக்கும். வடக்கு பார்த்தால் தொல்லை குறைவு. கேட் கிழக்கே இருந்து வேறு வழியில்லை என்றால் டபிள்யூடிஆர் (கடும் வெளிச்சமும் நிழலும் ஒரே படத்தில் வந்தாலும் இரண்டையும் காட்டுகிற வசதி) 120 டெசிபல் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

ராத்திரியில் கேமராவின் ஐஆர் (அகச்சிவப்பு) விளக்குக்கு முன்னால் அரை மீட்டரில் ஒரு இலை இருந்தால் போதும், இலை வெள்ளைவெளேரென்று எரியும், பின்னால் இருப்பதெல்லாம் கறுப்பு. சுவரை ஒட்டி வைத்தாலும் இதே கதை. விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், லென்ஸில் வலை கட்டும். கேமராவின் விளக்கை அணைத்துவிட்டு, ஒரு மீட்டர் தள்ளி தனி ஐஆர் விளக்கு வைத்தால் இந்த இரண்டு தொல்லையும் பெருமளவு தீரும்.

பக்கத்துத் தோட்டக்காரர் வீட்டு வாசல் படத்தில் விழுந்தால் அந்தப் பகுதியை மறைக்கும் வசதி கேமராவிலேயே இருக்கும். போட்டுவிடுங்கள். வரப்புத் தகராறோடு இதுவும் சேர வேண்டாம்.

ஏழாம் படி: அலாரத்தை எப்படிச் சேர்ப்பது?

தனித்தனியாக நூற்றுக்கு 80 தடவை கண்டுபிடிக்கிற இரண்டு சென்சார் ஒரே இடத்தில் இருக்கின்றன. ஏதாவது ஒன்று சொன்னாலே சைரன் என்று வைத்தால் 96 தடவை பிடிக்கும், பொய் அலாரமும் இரண்டின் பங்கும் சேர்ந்து வரும். இரண்டும் சொன்னால்தான் சைரன் என்றால் 64 தடவைதான் பிடிக்கும், பொய் அலாரம் வெகுவாகக் குறையும். ஒன்றின் தவறுக்கும் மற்றதன் தவறுக்கும் சம்பந்தம் இல்லாதபோதுதான் இந்தக் கணக்கு. இரண்டு பிஐஆரை ஒரே தகரத்தைப் பார்க்க வைத்தால் இரண்டும் ஒரே நேரத்தில்தான் பொய் சொல்லும். வெவ்வேறு வகையைச் சேருங்கள்.

மோட்டார் ரூமுக்குள் காந்த ஸ்விட்ச், கேபிள் சுற்று இரண்டில் எது சொன்னாலும் சைரன். வெளியே திறந்த இடத்தில் பீமும் கேமராவின் ஆள் கண்டறிதலும் சேர்ந்து சொன்னால்தான் சைரன், ஒன்று மட்டும் சொன்னால் போனுக்குச் செய்தி. ராத்திரிக்கு நாற்பது தடவை போன் அடித்தால் ஐந்தாம் நாள் சைலண்டில் போட்டுவிட்டுத் தூங்குவீர்கள். நானே என் வீட்டில் அதைத்தான் செய்தேன்.

எட்டாம் படி: ஒயர், கரண்ட், சேமிப்பு

பிஓஇ ஒயர், அதாவது படமும் கரண்டும் ஒன்றாகப் போகிற நெட்வொர்க் ஒயர், 100 மீட்டர்தான். அதற்கு மேல் ஃபைபர் போடுங்கள், இடி மின்னலுக்கும் அதுவே நல்லது. எர்த்தும் சர்ஜ் புரொடெக்டரும் இல்லாமல் கம்பத்தில் கேமரா ஏற்றாதீர்கள். ஒரு கேமராவின் பதிவு நொடிக்கு 2 மெகாபிட் என்றால் ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. நான்கு கேமராவுக்கு 30 நாள் கணக்கு 2.6 டிபி, ஆக 4 டிபி டிஸ்க் வாங்குங்கள். ரெக்கார்டரை வரவேற்பறையில் டிவிக்குக் கீழே வைக்காதீர்கள், திருடனுக்கு அதுவும் தெரியும். 2025 ஏப்ரலிலிருந்து கேமராவுக்கு எஸ்டிகியூசி என்ற மத்திய அரசு அமைப்பின் பாதுகாப்புச் சோதனை கட்டாயம், பில்லோடு அந்தச் சான்றையும் கேளுங்கள்.

யானை வருகிற ஊராக இருந்தால்

ஜவளகிரி, சானமாவு, அஞ்செட்டி பக்கத்தவர்களுக்கு இது. உங்களுக்குத் தேவை முகம் இல்லை, நேரம். யானை சாதாரணமாக மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால் நிமிடத்துக்கு 80 மீட்டருக்கு மேல். ஆட்களை உள்ளே கூப்பிட்டு வனத்துறைக்குச் சொல்ல ஐந்து நிமிடம் வேண்டுமென்றால், சென்சார் வயலிலிருந்து 400 மீட்டருக்கு முன்னால் வழித்தடத்தில் இருக்க வேண்டும். அது பெரும்பாலும் உங்கள் நிலமாக இருக்காது, வனத்துறையோடும் ஊராரோடும் பேசித்தான் செய்ய முடியும். கோவை மதுக்கரையில் ரயில் பாதை ஓரம் 12 கோபுரங்களில் வெப்பக் கேமரா வைத்து 2024 பிப்ரவரியில் தொடங்கியது இந்த வகை ஏற்பாடுதான். வேலியில் வீட்டுக் கரண்ட் விடுவதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி பக்கம் அப்படி ஒரு வேலியில் மூன்று யானைகள் செத்தன, இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றன.

கடைசிப் படி: அமாவாசையில் சோதனை

எல்லாம் மாட்டிய பிறகு, நிலா இல்லாத ஒரு ராத்திரியில் நீங்களே திருடனாக நடந்து பாருங்கள். கேட் வழியாக, ஓடை வழியாக, குனிந்து, மெதுவாக, தலையில் துண்டு கட்டிக்கொண்டு. ஒவ்வொரு வழிக்கும் ஐந்து தடவை. ஒருவர் வீட்டில் உட்கார்ந்து எந்த சென்சார் எத்தனை மணிக்குச் சொன்னது என்று எழுதட்டும். ஐந்தில் நான்குக்குக் குறைந்தால் இடத்தை மாற்றுங்கள், புதிதாக ஒன்று வாங்காதீர்கள். ஒயரை ஆணியடித்து இறுக்குவது இதற்கு அப்புறம்தான். முதல் வாரம் பொய் அலாரத்தையும் காரணத்தோடு குறித்து வையுங்கள், பாதிக்கு மேல் ஒரே இடத்திலிருந்து வரும்.

காவேரிப்பட்டணத்தில் எட்டில் நான்கைக் கழற்றிவிட்டோம். மிச்ச நான்கில் இரண்டைச் சாலின் தலைப்புக்கு மாற்றி, மோட்டார் ரூமுக்குக் காந்த ஸ்விட்சும் கேபிள் சுற்றும் போட்டோம். வரைபடத்தை மடித்து ஸ்டார்ட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. அதில் ஏப்ரல் முதல் வாரம், மே முதல் வாரம் என்று இரண்டு தேதி எழுதியிருக்கிறேன். அந்த இரண்டு நாளும் காவல்காரர் கவைக்கோலோடு போய், தாழ்ந்து வருகிற கிளைக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, லென்ஸைத் துணியால் துடைத்துவிட்டு வருவார்.